பழைய பேரைச் சொன்னவருக்கும் தண்ணீர்

மருமகன்,

இன்று சுபஹு தொழுதுவிட்டுப் பாயைச் சுருட்டும்போது உங்கள் பெட்டி கூவியது. ஒரு போகம் முழுக்க வாய் திறக்காமல் கிடந்த பெட்டி. உங்கள் மனைவி முக்காட்டை இழுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடித் தண்ணீரை மறிக்கும் துருசுப் பலகையை இறக்கிவிட்டாள். உப்புத் தண்ணீர் நம் வயலுக்குள் ஏறவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் எனக்கு வந்தது கோபம்தான். அதைச் சொல்ல உங்களை விட்டால் ஆளில்லை.

நீங்கள் மாப்பிள்ளையாக வந்த புதிதில் நான் உங்களோடு முகம் கொடுத்துக் கதைத்ததில்லை. வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டுப் பின்னறைக்குப் போனவள் நான். என் முன் ஹோலில் ஒருவர் நாள் முழுக்கக் கம்பியூட்டரோடு குந்தியிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. மணல்மேட்டை வெட்டி முகத்துவாரம் திறக்கும்போதெல்லாம் கடல் தண்ணீர் வாய்க்காலில் ஏறிப் பயிரைக் கருக்குவதைப் பார்த்துவிட்டு, உப்பு ஏறினால் கூவும் அந்தப் பெட்டியை நீங்கள் செய்தீர்கள். உங்கள் கம்பனி அதை வயல்வெளி முழுக்க நட்டது.

ஒருநாள் பெட்டியைத் திறந்து வைத்திருந்தீர்கள்.

"இதுக்குள்ள என்னத்த எழுதுறீங்க?"

"எந்தக் கம்பியில உப்புப் பாக்குற கருவி இரிக்கி, எதுல மணி இரிக்கி எண்டு ஒரு விவரம், மாமி. ட்ரைவர் எண்டு ஒரு புரோகிராம் அத வாசிச்சித்தான் வேல செய்யும்."

"வாசிக்கத் தெரியாட்டி?"

"கருவி இரிந்தும் இல்லாத மாதிரித்தான்."

அப்போதுதான் என் பழைய வழக்கைச் சொன்னேன். வயல் கண்டங்களுக்கெல்லாம் பேருக்குப் பதிலாக நம்பர் அடித்த காலம். தண்ணீர் பங்கிடப் புதிதாக வந்த வட்டவிதானையிடம் "கொக்குமடுவுக்குத் தண்ணி திறங்க" என்றேன். "நம்பரச் சொல்லுங்க. கொக்குமடு எண்டு ஒரு கண்டம் இல்ல" என்றார். கண்டத்தின் வரம்பில் நின்றுகொண்டே கண்டம் இல்லை என்றார். அந்தப் போகம் எனக்கு வைக்கோல்கூடத் தேறவில்லை. அவர் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்கும் இன்றுவரை நான் போனதில்லை.

தேத்தண்ணி சிந்தச் சிரித்தீர்கள். "மாமி, எனக்குச் சம்பளமே இதுக்குத்தான். நம்பர் புதுசா வரட்டும். பழைய பேரச் சொல்லி வாறவனுக்கும் தண்ணி திறக்கணும்." அன்றைக்குத்தான் உங்களை எனக்குப் பிடித்தது.

நீங்கள் மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகு கம்பனிக்கு வந்தவர்கள் அந்த விவரம் எழுதும் முறையையும் கருவிக்கு வைக்கும் பேரையும் மாற்றினார்கள். மாற்றட்டும், புதுப் பெட்டிக்குப் புது மாதிரி எழுதட்டும். ஆனால் புது ட்ரைவரைப் பழைய பெட்டிகளுக்கும் அனுப்பிவிட்டார்கள். பெட்டிக்குள் இருந்ததோ நீங்கள் எழுதிய விவரம். தான் தேடிய பேர் அதில் இல்லையென்றதும், உப்புக் கருவியே இல்லை என்று ட்ரைவர் முடிவு கட்டிவிட்டது. பச்சை லைட் மட்டும் எரிந்தது. அதை நம்பி எல்லாரும் வீட்டில் இருந்தோம். முகத்துவாரம் வெட்டினார்கள். பயிர் கருகிப் போனது.

விவசாயச் சங்கத்தில் கம்பனி இன்ஜினியர் எழுந்து, "முந்தி இரிந்தவர் விவரத்தப் பிழையா எழுதிரிக்காரு" என்றார். என் மகள் என் பக்கத்தில்தான் இருந்தாள். தலையை நிமிர்த்தவேயில்லை. நான் எழும்பினேன்.

"போன போகம் வரைக்கும் பெட்டி கூவினதா இல்லியா?"

"கூவினது மூத்தம்மா. அது பழைய முறை."

"அப்ப எழுதினவர்ர பிழையா, வாசிக்காம உட்டவர்ர பிழையா?"

"உங்களுக்கு இது விளங்காது. உலகம் முழுக்க மாறிட்டு."

"உலகம் மாறினா, மையவாடில கிடக்கிறவர் எழும்பி வந்து திருத்தி எழுதணுமா மனே?"

சிலர் சிரித்தார்கள். "சரி ராத்தா, இரிங்க, தேத்தண்ணி வருது" என்றார் செயலாளர். அதோடு கதை முடிந்தது. அடுத்த நாளே பக்கத்து வயல்காரி கடையில் வைத்து என் மகளிடம், "உன்ட புருசன்ட பெட்டிய நம்பித்தான் நாங்க நாசமாப் போன" என்றாள். அதன் பிறகு மகள் அந்தக் கடைக்குப் போவதில்லை.

போன கிழமை அதே இன்ஜினியர் பெட்டியைப் பார்க்க வந்தார்.

"இப்ப என்ன செஞ்சீங்க?"

"பழைய மாதிரி எழுதினதையும் வாசிக்கும் மூத்தம்மா. அப்பிடிச் செஞ்சாச்சி."

"அப்ப அவர் எழுதினது சரி."

"இப்ப வேல செய்யிதுதானே. பழசக் கிளறி என்னத்துக்கு?"

"சங்கத்துல ஒருக்காச் சொல்லுங்க."

நான் கொடுத்த இஞ்சித் தேத்தண்ணியை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனார்.

இன்று கூவியது உங்கள் எழுத்தை வாசித்துத்தான். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வயல்காரியும் ஓடி வந்தாள். தன் பலகையை இறக்கினாள். வரம்பில் என் மகள் நின்றாள். வயல்காரி அவள் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டாள். பெட்டி திருந்திவிட்டது, மருமகன். உங்கள் பேரை யாரும் திருத்தவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு சங்கம் கூடுகிறது. மகளைக் கூட்டிக்கொண்டு போவேன். முன் வரிசையில் இருத்துவேன். அந்த இன்ஜினியர் வாய் திறந்து சொல்லும்வரை சங்கத்துத் தேத்தண்ணியை நான் தொடமாட்டேன்.

வட்டவிதானை இன்றும் என்னிடம் நம்பர்தான் கேட்கிறார். எனக்கு அந்த நம்பர் மனப்பாடம். கொக்குமடு என்றுதான் சொல்கிறேன்.