டைகர் திரும்பிப் பார்த்தது

அண்ணே,

இன்று காலை உன் நாய் டைகர் என்னைக் கடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். கையில் டெட்டால் வாடை இன்னும் போகவில்லை. வலிக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. முதலில் உனக்குப் போன் செய்யத்தான் கை போனது. நீ இல்லை என்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

ஆலங்குடி ரோட்டில் வேன் இடித்து, டைகரின் பின்னங்கால்கள் இரண்டும் செயலற்றுப்போன மூன்றாம் நாள் நீ கூப்பிட்டாய்.

"பாப்பா, டாக்டரு ஊசி போட்டு முடிச்சிரலாம்னு சொல்றாரு. ஆனா வெரலக் கிள்ளுனா கால இழுக்குது. நீ படிச்சவ, சொல்லு. என்ன செய்யட்டும்?"

"இழுக்குதுன்னா உணர்ச்சி இருக்குண்ணே. எந்திரிச்சிரும்."

"அப்ப வேணாம்னு சொல்லிர்றேன்."

இருபது வருடமாக விலங்கியல் நடத்துகிறவள் நான். மூளை நீக்கிய தவளையும் காலை இழுக்கும் என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியவள். கால் இழுப்பது வேறு, வலி தெரிவது வேறு. அன்றைக்கு அதை மறந்துவிட்டேனா, அல்லது உன் குரலைக் கேட்டு வேண்டுமென்றே சொன்னேனா? எத்தனையோ முறை யோசித்துவிட்டேன், விளங்கவில்லை.

மூன்று வாரம் கழித்து வந்து பார்த்தேன். கடலை காயப்போடும் களத்தில், டைகரின் அடிவயிற்றுக்குக் கீழே துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்து, பின்னாலேயே குனிந்து நடந்துகொண்டிருந்தாய்.

"இது டிரைவரு, நான் கண்டக்டரு. ரைட், போலாம்!"

நான் சிரித்தேன். ஒரு சுற்று முடிந்ததும் நின்று நெஞ்சைத் தடவினாய்.

"என்னண்ணே?"

"வாயுதான். சுக்கு போட்டுக் குடிச்சாச் சரியாப் போயிரும்."

யார் எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்கிறவள், அதை மட்டும் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொண்டேன். நான்காம் நாள் நீ போய்விட்டாய்.

அண்ணிக்கு மூட்டு வலி, தூக்க முடியாது. காரியம் முடிந்ததும் டைகரைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுவந்தேன். எனக்கு நாய் பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். அடிவயிற்றை அமுக்கிச் சிறுநீர் எடுக்கவும், புண் வராமல் புரட்டிப் போடவும், கால்களை மடக்கி நீட்டவும் பழகினேன். இங்கிருக்கும் மாட்டு டாக்டர் சொன்னார்: "கால இழுத்தா மட்டும் போதாதுங்க மேடம். கிள்ளுனா திரும்பிப் பாக்கணும். இல்ல, கடிக்க வரணும்." புதிதாகக் கேட்பவள் போலத் தலையாட்டினேன்.

தினமும் காலையில் கிள்ளினேன். கால் இழுக்கும். டைகர் எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். போன மாதம் தள்ளாடி எழுந்து நின்றது, நான்கு அடி வைத்தது. அப்போதும் கிள்ளினால் திரும்பாது. இன்றைக்குத்தான் திரும்பியது. என்னை ஒரு பார்வை பார்த்தது, கடித்தது.

அண்ணியிடம் சொன்னேன். "கடிச்சிருச்சா! ஒங்கண்ணன் இருந்தா அதுக்கு ரெண்டு முட்டை வச்சிட்டுத்தான் ஒன்னய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க" என்று சிரித்தவர், சிரிப்பின் நடுவில் அழுதார். அன்று நீயும் நானும் போனில் பேசியதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

நான் சொன்னது உண்மையாகிவிட்டது, அண்ணே. பின்னால் உண்மையானதால் அன்று சொன்னது பொய் இல்லை என்று ஆகிவிடுமா? நான் சொல்லாதிருந்தால் டைகர் இருந்திருக்காது. நீ இருந்திருப்பாயா? உன் நெஞ்சில் முன்பே ஏதோ இருந்திருக்கும் என்கிறார் உன்னைப் பார்த்த டாக்டர். இருக்கலாம்.

இனி டைகரைத் தூக்கக் கூடாதாம், படியில் தானே இறங்கட்டும் என்கிறார் மாட்டு டாக்டர். ஆனாலும் வாசலில் உள்ள மூன்று படிகளுக்கும் நான்தான் தூக்கிக்கொண்டு இறங்குகிறேன். கனமாகத்தான் இருக்கிறது. ஒரு மனிதரைச் சாய்க்கிற கனமா என்றுதான் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். ஒரு நாள் ஆமாம் என்று தோன்றுகிறது, மறுநாள் இல்லை என்று தோன்றுகிறது.