கனகா பிடித்த ஒயர்

ஞாயிறு, இரவு

உடனே படம் தரும் என் பழைய கேமராவுக்கு இப்போது பேட்டரி வருவதில்லை. மூன்று ரிமோட் செல்லை ஒயரோடு வெளியே ஒட்டிவைத்திருந்தேன். மனைவி கனகாவின் தம்பி நாளை பிரான்ஸ் போகிறான். குடும்பத்தையே மொட்டைமாடியில் நிறுத்தினேன். இருந்தது ஒரே ஃபிலிம். அந்த நேரம் பார்த்து ஒயர் கழன்றது. கனகா ஓடிவந்து அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீயும் வந்து நில்லு" என்றான் தம்பி.

"நான் கைய எடுத்தா படம் வராதுடா. அங்கயே நில்லு."

படம் நன்றாகவே வந்தது. அவள்தான் அதில் இல்லை. ஒரு வார்த்தை குறை சொல்லாமல் தூங்கிவிட்டாள். அவளுக்கு நன்றி சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

தம்பி அந்தப் படத்தைப் பெட்டியில் வைக்குமுன் இன்னொரு தடவை பார்த்தேன். எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள். அவன் மட்டும் கேமராவுக்குச் சற்றுத் தள்ளி, அவள் நின்ற பக்கம் பார்க்கிறான்.