உன் மாமாவுக்குப் போர்த்திய சிவப்புத் துணி

ஆண்டர்சன்பேட்டை,
ஞாயிறு, ஆராதனை முடிந்து.

கர்த்தருக்குள் அன்பான தம்பி ஸ்டீவனுக்கு, அக்கா ஐடா எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் கனடாவில் சுகமாயிருக்க வேண்டும். நாங்கள் இருக்கிறோம். போனில் பேசினால் திட்டிவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

இங்கே மழை விட்டுவிட்டது. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்துக்கு இப்போதுதான் வேலி போட்டார்கள். என் பெண் பியாட்ரிஸ் நான்காம் வகுப்புக்குப் போகிறாள்.

விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு நீ அனுப்பிய வீடியோ பாடத்தைச் சபையில் திரையில் போட்டார்கள். பறக்கிற சூப்பர் ஹீரோக்களைப் பிள்ளைகளுக்கு ஏன் பிடிக்கிறது? மனுஷனுக்குள்ளே ஒரு மீட்பருக்கான ஏக்கம் இருப்பதால்தான் என்று சொன்னாய். அதுவரை நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் உன் மாமா, என் வீட்டுக்காரர் ஏசுபாதத்தின் படம் வந்தது. தோளில் சிவப்புத் துணி, பின்னால் மின்னல். எங்கள் குடும்பத்து சூப்பர் ஹீரோ என்றாய். பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

மாமா போன அன்றைக்கு நீ இங்கே இல்லை. அடக்கத்துக்கும் வரவில்லை, கன்வென்ஷன் கூட்டம் இருக்கிறது என்றாய். அதனால் நடந்ததை நான் சொல்கிறேன். பெங்களூர் ரயிலுக்கு ஓடிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு முனிரத்தினத்தின் காலடியில் தரை உள்வாங்கியது. கீழே பழைய தங்கச் சுரங்கம் வெறுமையாகக் கிடப்பது உனக்குத் தெரியும். தீயணைப்பு வண்டி வரட்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். மாமா இறங்கப் போனார், நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "இன்னா ஐடா, கத்துறான் பாரு" என்றார். கயிறு கட்டும்போது அவர் கை நடுங்கியது. முடிச்சை நான்தான் போட்டேன். கீழே போய் அதை அவிழ்த்து முனிரத்தினத்துக்குக் கட்டினார். அவனை இழுத்து மேலே போட்டோம். திரும்பக் கயிறு விடுவதற்குள் மண் சரிந்துவிட்டது.

முனிரத்தினம் இப்போது என்னைக் கண்டால் வேறு சந்தில் திரும்பிவிடுகிறான். அவன் பெண்டாட்டி குழாயடியில் எல்லார் முன்னாலும் கேட்டாள், நாங்களா அவரைக் கூப்பிட்டோம் என்று.

உன் படத்தில் அந்த நடுக்கம் இல்லை. அடிபடாது என்று தெரிந்தவன் குதிப்பதில் என்ன தியாகம்? நம் ஆண்டவரே சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனேயில் கலங்கி வியர்த்தார். நீ பாஸ்டர், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உன் பாடம் பார்த்த அன்றைக்கு வீட்டுக்கு வந்து பியாட்ரிஸ் கேட்டாள்: முனிரத்தினம் அங்கிளைக் காப்பாத்தின அப்பா, தன்னை ஏன் காப்பாத்திக்கலை? பவர் தீர்ந்துபோச்சா? சிலுவையின் கீழே நின்று ஏளனம் பண்ணினவர்கள் கேட்டதும் இதுதான், ஸ்டீவன். அதை என் பெண்ணுக்கு நீ பாடமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டாய்.

அப்பாவுக்குப் பவர் எதுவும் கிடையாது, பயந்துகொண்டேதான் இறங்கினார் என்றேன். அவள் அழுதாள். அவர் போன பிறகு அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்தப் படத்தை எடுத்துவிடு. வேறு சபைகளுக்கு அனுப்பாதே. முடிந்தால் இங்கே வா. பிரசங்கம் வேண்டாம். கல்லறையில் என் பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா நில், போதும்.

உனக்காக ஜெபிக்கிறேன் என்று எழுதி முடிப்பதுதான் நம் வீட்டு வழக்கம். எனக்கு இப்போது ஜெபம் வருவதில்லை. நீ எனக்காகச் செய், தம்பி.

உன் அக்கா,
ஐடா