போனஸ் புரோகிராமின் ஆறு பிரதிகள்

நேற்று கல்கத்தா லேக் மார்க்கெட்டில் ஸ்டேஷனரி கடைக்காரர் ஒரு மார்க்கர் பேனாவைத் திறந்து எழுதிக் காட்டினார். குப்பென்று ஸ்பிரிட் வாசனை. உடனே அந்த ஏசி அறையும், ப்ரொஜெக்டர் வெளிச்சத்தில் ஒரு பக்கம் மட்டும் தெரிந்த உன் முகமும் வந்துவிட்டன. பேனா வாங்காமலே வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். நீ போன பிறகு உன்னோடு பேச எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நம் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் தமிழ் பேச நாம் இருவர்தான். எண்பதுகளின் நடுவில், துர்கா பூஜை நெருங்கிய சமயம், கும்பகோணத்திலிருந்து தந்தி வந்தது: அப்பாவுக்கு உடம்பு மோசம், உடனே வா. மேனேஜர் முகர்ஜி பாபு படித்தார், நிஜமாகவே வருத்தப்பட்டார், லீவு மட்டும் இல்லை என்றார். காரணம் பூஜா போனஸ் கணக்குப் போடும் புரோகிராம். டிஸ்கில் அதற்கு ஆறு பிரதிகள். 'போனஸ் புதுசு', 'போனஸ் கடைசி', அதற்கும் பிறகு 'கடைசி இரண்டு'. ஓடுவதோ 'போனஸ் பழசு'. யாரோ அவசரத்தில் அதைத் திறந்து திருத்திய வினை. எந்தத் திருத்தம் எதில் இருக்கிறது என்பது என் தலையில் மட்டும்தான் இருந்தது. சொல்லிவிட்டுப் போகலாமென்றால், யூனியன் பேச்சில் தினம் ஒரு விதி மாறும், மறுநாளே ஏழாவது பிரதி முளைக்கும்.

எல்லாருக்கும் பொதுவாக ஒரே பிரதி, ஒருவர் எடுத்தால் திருப்பி வைக்கும்வரை மற்றவர் தொட முடியாது, யார், ஏன் மாற்றினார் என்று மெஷினே குறித்துக்கொள்ளும், பழசும் அழியாது. இப்படி ஒரு முறை இருக்கிறதென்று நீ வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். "இத மட்டும் புரிய வெச்சுட்டா உன்ன விட்டுடுவா. நான் பேசறேன்டி" என்றாய்.

பேசினாய், செக்‌ஷன் முழுவதையும் கூட்டிவைத்து. அப்பப்பா, என்ன பேச்சு! இரண்டு ஓர்ப்படிகள் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஒரே மீன் குழம்பில் உப்புப் போடுவதை பெங்காலியில் நடித்தே காட்டினாய். அறை குலுங்கியது. கைப்பையில் தந்தியை வைத்துக்கொண்டு, மார்க்கரால் எழுதிய பிளாஸ்டிக் தாள்களை உனக்காக ப்ரொஜெக்டரில் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்த நானும் சிரித்தேன். "தாருண்! தாருண்!" என்று புகழ்ந்து, முகர்ஜி பாபு எல்லாருக்கும் சந்தேஷ் மிட்டாய் வரவழைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீ இருக்கும்போது எங்களுக்கு என்ன கவலை?" என்றார். அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள்.

மாடிப்படி இறங்கும்போது நீ சொன்னாய்: "ரொம்ப நன்னாப் பேசிட்டேன். அதான் தப்பு. சிரிச்சுட்டு மறந்துட்டா."

மறுநாள் திரும்பவும் எல்லாரையும் கூட்டினாய். என்னை வெளியே ஸ்டூலில் உட்காரச் சொன்னாய். ஆறு பிரதிகளையும் அச்சடித்து மேஜையில் பரப்பி, "அவள் ஊருக்குப் போய்விட்டாள். இன்று போனஸ் ஓட வேண்டும். எதை ஓட்டுவீர்கள்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாய். டாலிகஞ்ச் போய்ச் சேரும்வரை டிராம் கண்டக்டரைக்கூட விடாமல் அரட்டையடிக்கும் நீ!

கதவுக்குள் முதலில் காகிதம் புரளும் சத்தம். பிறகு விவாதம். பிறகு சண்டை. ஒருவர் கதவைத் திறந்து, "தீதி, எது?" என்று என்னையே கேட்டார். "அவள் கும்பகோணத்தில் இருக்கிறாள்" என்று நீ கதவைச் சாத்தினாய். விடை தெரிந்தும் சொல்லக் கூடாது. நான் ஆபீஸிலும் இல்லை, அப்பாவிடமும் இல்லை. அந்த ஸ்டூலில் உன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

கடைசியில் முகர்ஜி பாபு டையைத் தளர்த்திக்கொண்டு வெளியே வந்தார். "ஆறையும் ஒன்றாக்கி அவள் சொல்கிற மாதிரி வைத்துவிட்டுக் கிளம்பு" என்றார் என்னிடம். நீயும் நானும் உட்கார்ந்து அதை முடித்தோம். என்னை ஹௌராவில் ரயிலேற்றிவிட்டதும் நீதான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா கண்ணைத் திறந்து முதலில் கேட்டது, "லீவு குடுத்தாளா?"

"குடுத்துட்டாப்பா."

"எப்போ திரும்பணும்?"

"நீங்க எழுந்து உக்காருங்கோ, அப்பறம் பாத்துக்கலாம்" என்றேன்.

அவர் எழுந்து உட்காரவில்லை. ஆனால் கடைசி மூச்சுவரை அவர் கை என் கையில்தான் இருந்தது. அத்தனை நாளும், எதை ஓட்டுவது என்று கேட்டு, கல்கத்தாவிலிருந்து எனக்கு ஒரு தந்திகூட வரவில்லை.