சாமி காலி பண்ணிப் போன வீடு

வார்னிஷ் வாடை இன்னும் போகவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தேன், மின்விசிறியை ஓட விட்டேன். அப்படியும் அந்தப் படச்சட்டத்திலிருந்து புது மர வாடை வந்து மூக்கில் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஆழ்வார்பேட்டையில் சட்டம் போட்டு, நம் பிள்ளை செழியன் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்த படம். கூடத்தில் மாட்டுவதாக இருந்தது. இப்போது என் அறையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. திருப்பி வைத்தது நான்தான். நீங்கள் கோபித்துக்கொண்டு முதுகைக் காட்டி நிற்பதுபோல் இருக்கிறது. அதையும் பார்க்கச் சகிக்கவில்லை.

உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவது? இந்த வேளச்சேரி வீட்டில் கூடத்திலிருந்து அடுக்களைக்கு நடந்தால் வீடே முடிந்துபோகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பேத்தி, "சொல்லு ஆயா, நான் டைப் பண்ணித் தர்றேன்" என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். உங்களோடு பேசுவதற்கு நான் அஞ்சாவது வரை படித்த படிப்பு போதும். நடுவில் ஆள் வேண்டியதில்லை.

நீங்கள் போய் இன்றோடு ஒரு வருஷம். காலையில் நடக்க வேண்டிய திதி நடக்கவில்லை. அதை நிறுத்தியது நான். அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

போன மாதம் சாந்தோம் டீச்சரம்மா நம் வீட்டுக்கு வந்தார். ஹம்பிக்குப் போன வேனில் நமக்கு முன் இருக்கையில் உட்கார்ந்து, ஜெபமாலையையும் உருட்டிக்கொண்டு உங்களோடு அரசியலும் பேசிக்கொண்டு வந்தாரே, அவர்தான். நீங்கள் போன சேதி அவருக்குத் தாமதமாகத்தான் தெரிந்திருக்கிறது. கொஞ்ச நேரம் அழுதார். பிறகு பழைய போனில் தேடி, ஹம்பியில் எடுத்த படம் ஒன்றைச் செழியனுக்கு அனுப்பினார். இருட்டுக் கருவறை. அதற்குள் நீங்கள் குனிந்து நிற்கிறீர்கள். தலை தாழ்ந்திருக்கிறது. இரண்டு கையும் நெஞ்சுக்கு நேரே சேர்ந்திருக்கின்றன. முகம் மஞ்சளாக ஜொலிக்கிறது. யார் பார்த்தாலும் என்ன சொல்வார்கள்?

செழியன் அதைப் பார்த்துவிட்டுக் குழந்தைபோல் தேம்பினான். "நைனா உள்ளுக்குள்ள கும்பிட்டுக்கினுதான் இருந்திருக்காரும்மா. நமக்குத்தான் தெரியல."

அவன் அப்படி அழுததற்குக் காரணம் உண்டு. நீங்கள் சொல்லிவிட்டுப் போனபடியேதான் போன வருஷம் உங்களை அனுப்பினோம். ஐயர் இல்லை, சங்கு இல்லை, மொட்டை இல்லை. சுடுகாட்டு வாசலில் உறவுக்காரர் ஒருவர், "அநாதைப் பொணம் மாதிரி அனுப்பறாங்க" என்று சொன்னது அவன் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து பிள்ளை சரியில்லை. சாப்பாட்டுக்கு நடுவில் கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் அவன் முகம் தெளிந்தது. உடனே ஐயருக்குச் சொன்னான், எள் வாங்கினான், தர்ப்பை வாங்கினான், படத்துக்குச் சட்டம் போடக் கொடுத்தான்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கும் ஆசை இருந்தது. ஒளிப்பானேன்? ஒவ்வோர் அமாவாசைக்கும் மற்றவர்கள் எள்ளும் தண்ணீரும் விடுவதைப் பார்த்துவிட்டு வந்து, உங்களுக்கு ஒரு சொட்டுப் போகவில்லையே என்று வயிறு எரிந்தவள் நான்.

ஆனால் ஹம்பியில் அன்றைக்கு நடந்தது என்ன என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.

மயிலாப்பூர் மாட வீதியில் அறுபத்துமூவர் வரும் நாளில் தெருவெல்லாம் உங்கள் சீரியல் லைட்டுதான் எரியும். உங்கள் ஹாரன் ஸ்பீக்கரில்தான் தேவாரம் கேட்கும். சாமி நம் மைக் செட் கடை வாசலுக்கு வருகிற நேரத்தில் மட்டும் நீங்கள் ஏணிமேல் ஏறி ஏதாவது ஒயரைத் திருகிக்கொண்டிருப்பீர்கள். கேட்டால், "லைட் போடறதுதான் என் தொழிலு. கும்பிடறது என் தொழில் இல்ல" என்பீர்கள். கீழே நின்று உங்களுக்கும் சேர்த்து நான் கும்பிட்டுக்கொள்வேன். எந்தக் கோயிலுக்கும் என்னோடு வராத மனுஷன், தெருக்காரர்கள் ஹம்பிக்கு வேன் பிடிக்கிறார்கள், அங்கே எல்லாம் இடிந்த கோயில், பூஜை கிடையாது என்று கேள்விப்பட்டதும், "சாமி இல்லாத கோயில்னா நான் வரேன்" என்று கல்யாணப் பத்திரிகை கிடைத்தவர்போல் சட்டையை இஸ்திரிக்குப் போட்டீர்கள்.

அங்கேயும் பூஜை நடக்கிற கோயில் ஒன்று இருந்தது. காலையில் முதலில் அங்கேதான் போனோம். நீங்கள் வெளியே டீக்கடையில் நின்றுவிட்டீர்கள். நான் குங்குமமும் ஒரு கற்பூரப் பொட்டலமுமாக வெளியே வந்தபோது, அண்ணாந்து கோபுரத்தில் கட்டியிருந்த ஹாரனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எவனோ குருட்டாம்போக்கில் கட்டியிருக்கிறான், சத்தம் முழுக்க ஆற்றுக்குத்தான் போகும் என்று உங்களுக்கு வருத்தம். அத்தனை பெரிய கோபுரத்தில் உங்கள் கண்ணுக்குப் பட்டது அது ஒன்றுதான்.

மத்தியானம் மலைக்குப் பின்னால் இருந்த கோயிலுக்குப் போனோம். அங்கே கூட்டம் இல்லை. ஒரு காலத்தில் கடைத்தெருவாம். இரண்டு பக்கமும் கல்தூண்கள் வரிசையாக நின்றன, மேலே கூரை இல்லை. நடுவில் புல் முளைத்து, ஒருவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். கோபுரத்துக்குத் தலை இல்லை. வேனில் வந்தவர்கள் மரத்தடியில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்கள். நாம் இருவரும் உள்ளே நடந்தோம். டீச்சரம்மா படம் எடுத்துக்கொண்டே கொஞ்சம் பின்னால் வந்தார்.

வாசலில் நான் செருப்பைக் கழற்றினேன். கல் தோசைக்கல்லாய்க் காய்ந்துகொண்டிருந்தது. நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள்.

"இன்னாமே, சாமியே ஊட்ட காலி பண்ணிக்கினு பூட்டாரு. நீ யாருக்கு செருப்பைக் கழட்டிக்கினு நிக்கறே?"

"காலி பண்ணாலும் அவர் இருந்த ஊடு."

"ஓனரே இல்ல. யாரு கேக்கப் போறா? போட்டுக்கோ, கால் பொரிஞ்சிடும்."

நான் போட்டுக்கொள்ளவில்லை. நிழல் பார்த்து நிழல் பார்த்துத் தாவி நடந்தேன். நீங்கள் முனகிக்கொண்டே என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டீர்கள். வைத்துவிட்டுப் போனால் குரங்கு தூக்கிவிடும் என்று ஒரு சாக்கு. மயிலாப்பூரில் யாராவது பார்த்திருந்தால் அந்த வருஷம் முழுக்க நம் தெருவில் அதுதான் பேச்சாக இருந்திருக்கும்.

பெரிய மண்டபத்துக்கு வந்ததும் உங்கள் நடையே மாறிவிட்டது. ஒரு தூணருகில் நின்று கையைத் தட்டினீர்கள். காதைச் சாய்த்துக் கேட்டீர்கள். இன்னொரு மூலைக்குப் போய் மறுபடியும் தட்டினீர்கள். மேலே பார்த்தீர்கள், தூணைத் தடவினீர்கள். "இங்க மைக்கே வேணாம்மே. இந்தாண்ட முணுமுணுத்தா அந்தாண்ட கேக்கும். கட்டினவன் கில்லாடி." அப்படியே கருவறைக்குள் தலையை நீட்டி, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று குரல் கொடுத்தீர்கள். வௌவால்கள் கும்பலாகக் கிளம்பி நம் தலைக்கு மேலே பறந்தன. நான் உங்கள் தோளில் ஒன்று வைத்தேன். நாக்கு அழுகிவிடும் என்று திட்டினேன். வௌவாலுக்குத்தான் டெஸ்டிங் கொடுத்தேன், அதுகளாவது கேட்டதே என்றீர்கள்.

நீங்கள் தூண் தூணாகத் தட்டிக்கொண்டு போக, நான் மட்டும் உள்ளே நுழைந்தேன். பீடம் இருந்தது. சாமி இல்லை. சாமி நின்ற இடத்தில் ஒரு குழி, பல் விழுந்த ஈறுபோல. எத்தனை விளக்கு எரிந்த இடம். இப்போது சுவரில் விழுந்த ஓட்டை வழியாகக் காற்று மட்டும் வந்துபோகிறது. மடியிலிருந்த கற்பூரத்தை எடுத்துப் பீடத்தில் வைத்தேன். குச்சியைக் கிழித்தேன், அணைந்தது. இன்னொன்று கிழித்தேன், அதுவும் அணைந்தது. வெளியிலிருந்து உங்கள் குரல், "வுடுமே, அவரே வேணாம்னுதான பூட்டாரு" என்றது. நான் விடவில்லை. பெட்டியில் குச்சி குறைந்துகொண்டே வந்தது.

கொஞ்ச நேரம் வெளியே சத்தத்தைக் காணோம். பிறகு என் தலைக்கு மேலாக உங்கள் இரண்டு கைகள் வந்தன. ஈயம் பற்றவைத்துத் தழும்பேறின கைகள். கற்பூரத்தைச் சுற்றி வளைத்து மூடின. நான் கிழித்த குச்சி அந்தக் கைகளுக்குள் நின்று எரிந்தது. கற்பூரம் பிடித்துக்கொண்டது.

"சீக்கிரம் கும்பிட்டு முடி. கை சுடுது."

அவ்வளவுதான் சொன்னீர்கள். கையை எடுக்கவில்லை. நான் கண்ணை மூடி, கேட்க வேண்டியதைக் கேட்டு, திறந்து பார்க்கும்வரை எடுக்கவில்லை. அப்போதுதான் டீச்சரம்மா வாசல் ஓரத்திலிருந்து பக்கவாட்டில் படம் எடுத்திருக்கிறார்.

கற்பூர வாடை பிடித்துக் காவல்காரர் ஓடி வந்தார். பழைய கோயிலில் நெருப்பு வைக்கக் கூடாதாம். கன்னடத்தில் வாங்கு வாங்கென்று வாங்கினார். நான் தீப்பெட்டியை மடியில் மறைத்துக்கொண்டேன். நீங்கள் முன்னால் போய் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "நான்தான் ஏத்தினேன்" என்றீர்கள். அவர் திட்டத் திட்ட, பள்ளிக்கூடத்துப் பையன்போல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றீர்கள். திரும்பி நடக்கும்போது சொன்னீர்கள். "சாமிக்காகத் திட்டு வாங்கின மொத ஆளு, சாமி இல்லேங்கற எங்க சங்கத்துல நான்தான்."

வழியில் கேட்டீர்கள், இன்னா வேண்டிக்கினே என்று. நான் சொல்லவில்லை. இப்போது சொன்னால் என்ன? உங்களுக்கு முன்னால் நான் போய்விட வேண்டும் என்று கேட்டேன். நடக்கவில்லை. காலி வீட்டில் மனுப் போட்டால் யார் வாங்குவது என்று நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் எழுந்து போய்விட்டு வந்தேன். கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

முந்தாநாள் சாயங்காலம் சட்டம் போட்ட படத்தைச் செழியன் பிரித்துக் காட்டினான். மருமகள் கவிதா சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தாள். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். டீச்சரம்மா அனுப்பின படத்தில் கீழ் மூலையில் என் பழுப்புச் சேலை ஓரமும் குனிந்த முதுகும் கொஞ்சம் தெரியும். மீதியைத் தூண் மறைத்திருக்கும். சட்டம் போட்ட கடையில் அந்த மூலையை வெட்டிவிட்டிருந்தார்கள். நீங்கள் மட்டும் பளபளவென்று தனியாகச் சாமி கும்பிட்டுக்கொண்டு நின்றீர்கள்.

என்னவோ செய்தது எனக்கு. அந்த ஒரு மூலைக்காக.

"செழியா, இது சாமிக்குக் கூப்பின கை இல்லடா."

அவன் சிரித்தான். "பின்ன இன்னாம்மா?"

"காத்துக்கு மறைச்ச கை. உள்ள என் கற்பூரம் எரியுது. மூஞ்சில வெளிச்சம் எங்கேர்ந்து வருதுன்னு பாரு."

போனை எடுத்து முழுப் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தான். என் சேலை ஓரத்தைக் கண்டுபிடித்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஏம்மா சொன்னே?" என்றான். "நீ சும்மா இருந்திருந்தா நைனாவுக்கு ஒரு வாய் தண்ணி போயிருக்கும் இல்ல?"

அந்த வார்த்தை எங்கே குத்த வேண்டுமோ அங்கேயே குத்தியது. கவிதா மெதுவாக, சாமி கும்பிடுகிற நீங்களே இப்படிச் சொல்லலாமா அத்தே என்று கேட்டாள்.

"கும்பிடறேன், நாளைக்கும் கும்பிடுவேன். அதுக்காக அவர் கையை எடுத்து சாமிக்குக் குடுத்துட முடியாது. அது எனக்குக் காட்டின கை."

நேற்றுச் செழியனே ஐயருக்குப் போன் பண்ணி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். என் முகத்தைப் பார்க்காமலேதான் சொன்னான்.

திதிக்கென்று எடுத்த லீவு கையில் இருந்தது. இன்று காலையில் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் பால்கனியில் நின்றான். பிறகு பையை எடுத்துக்கொண்டு பட்டினப்பாக்கம் வரை போய் வஞ்சரம் வாங்கி வந்தான். உங்களுக்குப் பிடித்ததுபோல் புளி தூக்கலாக வை என்று மட்டும் சொன்னான். வைத்தேன். உங்களுக்கென்று இலை போடவில்லை. வீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் தட்டு வைத்தேன்.

ஆனாலும் பழகின கை கேட்கவில்லை. பானையிலிருந்து முதல் கைப்பிடிச் சோற்றை எடுத்துக் குழம்பு தொட்டுப் பிசைந்து பால்கனிக்குப் போய்விட்டேன். கைப்பிடிச் சுவரில் காக்கை தயாராக உட்கார்ந்திருந்தது. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. இதை வைத்தால் அது திதி இல்லாமல் வேறென்ன? ஐயர் இல்லாத திதி, அவ்வளவுதானே? உங்கள் வார்த்தையைக் காப்பாற்றிவிட்டு, கொல்லை வழியாக அதை மீறுவதா? வைக்காமல் போனால் நீங்கள் பசியோடு நிற்பீர்களா? சோற்றை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். பின்னால் செழியன் வந்து நிற்பது தெரிந்தது. வை என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

திரும்பி வந்து அந்தப் பிடியை அவன் தட்டில் வைத்தேன். அவன் ஒரு கணம் அதைப் பார்த்தான். பிறகு முதலில் அதைத்தான் சாப்பிட்டான். நடுவில் கையை நிறுத்தாமல் சாப்பிட்டு முடித்தான்.

இப்போது மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் படுத்திருக்கிறார்கள். எனக்குத்தான் கண் மூடவில்லை. நான் நம்புகிறபடி பார்த்தால் நீங்கள் எங்கோ தாகத்தோடு நின்றுகொண்டிருக்கிறீர்கள். நீங்கள் நம்பினபடி பார்த்தால் நீங்கள் எங்கேயும் இல்லை. இரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும் எனக்கு ஆறுதல் இல்லை. உங்கள் வார்த்தையை நான் விட்டுக்கொடுக்கவில்லை, அது நின்றுவிட்டது. கவலை மட்டும் என்னோடு கிடக்கிறது. அதை இறக்கிவைக்க எனக்கு இடம் தெரியவில்லை. நான் இருக்கிற வரைக்கும் சுமக்கத்தான் வேண்டும் போலிருக்கிறது.

வெளியே அந்தக் காக்கை இன்னும் கத்திக்கொண்டிருக்கிறது. வெயில் பொசுக்குகிறது. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுபோய் வைத்துவிட்டு வருகிறேன். காக்கைக்குத்தான் வைக்கிறேன். வேறு யார் வந்து குடித்தாலும் நான் பார்க்கப் போவதில்லை.