நடுச்சுவரில் ஒரு கேட்

என் அன்பான வீட்டுக்காரருக்கு,

உங்கள் வீட்டுக்காரி எழுதிக்கொள்வது. இங்கே நானும் பிள்ளைகளும் நல்ல சுகம். அங்கே உங்கள் உடம்பும், வெல்டிங் நெருப்பில் கருகாமல் மிச்சம் இருக்கிற மீசையும் சுகமாக இருக்க ஆண்டவரைக் கேட்டுக்கொள்கிறேன். இன்னும் மூன்று வருஷம் அங்கேயே வேலை பார்க்கக் கையெழுத்துப் போடவா என்று கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதில் கடைசியில். முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியைப் படிக்க மாட்டீர்கள்.

வேறு யாராவது எழுதி உங்களுக்குத் தெரிவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம், உங்கள் கோயிலில் வைத்து என் மானம் போய்விட்டது. கத்தோலிக்கக்காரிக்கு என் புராட்டஸ்டண்டு சபைக் கோயிலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அதையும் சொல்கிறேன்.

உலகத்து ஆயர்கள் எல்லாம் ரோமாபுரியில் கூடி வருஷக்கணக்காகப் பேசினார்களே, அந்தப் பேச்சு ஒருவழியாக எங்கள் தெருவுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. பூசை நம் பாஷையிலேயே நடக்கிறது. ஃபாதர் இலத்தீனில் என்னமோ பெரிதாகச் சொல்கிறார் என்று இத்தனை காலம் பயபக்தியோடு நின்றேன். பாதி நேரம் அவரும் என்னைப் போல மன்னிப்புதான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

பீடத்தையும் சுவரை விட்டு முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். புது ஃபாதர் எங்கள் முகத்தைப் பார்த்து நிற்கிறார். இதில் மாட்டிக்கொண்டது நான். பீடத்து விரிப்பு தைப்பது என் பொறுப்பு அல்லவா? சுவர்ப் பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று அந்த ஓரத்தை மட்டும் மடித்துத் தைக்காமல் விட்டிருந்தேன். முதல் நாளே ஃபாதர் அந்தப் பக்கம் போய் நின்றார். நூலெல்லாம் அவர் வயிற்றுக்கு நேராகத் தொங்கியது. பூசை முடிந்ததும் கூப்பிட்டு, இவ்வளவு ஆயர்கள் உட்கார்ந்து பேசினாங்க, உங்களைப் பத்தி ஒருத்தரும் யோசிக்கலை போலிருக்கே என்றார். அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

இந்த ஃபாதரும் உங்கள் புதுப் போதகரும் அவ்வளவு சிநேகம். ஒரே மோட்டார் சைக்கிளில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து போகிறார்கள். இரண்டு சபையாரும் சேர்ந்து செபம் செய்ய வேண்டும், முதல் தடவை உங்கள் கோயிலில் என்று இருவருமாக முடிவு செய்துவிட்டார்கள்.

போனேன். கல்யாணம் ஆனதிலிருந்து நான் வெளியே நின்றே பார்த்த வாசல் அது. உள்ளே கால் வைக்கும்போது யாராவது கூப்பிட்டு நிறுத்துவார்கள் என்று முதுகு கூசியது. ஒருவரும் நிறுத்தவில்லை. நேராக உங்கள் இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். தூணுக்குப் பின்னால், தூங்கினால் போதகருக்குத் தெரியாது என்று பெருமையாகச் சொல்வீர்களே, அதே பெஞ்சு. தூணில் தலை எண்ணெய்க் கறை ஒன்று இருந்தது. உங்கள் உயரத்துக்குத்தான் இருந்தது. உங்களுடையது என்றே வைத்துக்கொண்டேன்.

செபிப்போம் என்றதும் பழக்கத்தில் முழங்காலில் போய்விட்டேன். எங்கள் பெஞ்சுகளில் முழங்காலுக்குப் பலகை இருக்கும். உங்களிடம் அது இல்லை என்று இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை சொன்னீர்களா? நேராகத் தரையில் போய் மோதினேன். எல்லோரும் உட்கார்ந்தபடி தலையைக் குனிந்திருக்க, நான் மட்டும் இரண்டு பெஞ்சுக்கு நடுவில் சிக்கிக்கொண்டேன். எழுந்திருக்க முடியவில்லை. உங்கள் பாடகர் குழுப் பெண்கள் இருவர் வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். கிறிஸ்தவ ஒற்றுமை அந்த இடத்தில்தான் தொடங்கியது என்று ஃபாதர் இப்போதும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

பிறகு ஆண்டவர் கற்பித்த செபம். எங்கள் ஆட்கள் எப்போதும் முடிக்கிற இடத்தில் ஆமென் சொல்லி நிறுத்திவிட்டோம். உங்கள் ஆட்கள் நிறுத்தவில்லை. ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் என்று வருகிற அந்தக் கடைசி வரியையும் சேர்த்துக் கோயில் முழுக்கச் சொன்னார்கள். சாப்பிடுவதற்கு முன்னால் நீங்கள் ஒற்றை ஆளாக முணுமுணுப்பீர்களே, நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னுமா முடியலை, எல்லாம் ஆறுது என்பேனே, அதே வரி. முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவளிடம் முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன். நீங்கள் போனதிலிருந்து நம் வீட்டில் செபம் நான் நிறுத்துகிற இடத்திலேயே நின்றுவிடுகிறது. சாப்பாடு என்னமோ சூடாகத்தான் இருக்கிறது.

செபம் முடிந்து டீ கொடுத்தார்கள். டீயோடு சண்டையும் வந்தது. கல்லறைத் தோட்டத்து நடுச்சுவர் மழையில் சாய்ந்துகிடக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் ஆட்கள், அந்தப் பக்கம் உங்கள் ஆட்கள். எங்கள் கல்லறைக் கமிட்டித் தலைவர், நீங்கள் கடுகு என்று பெயர் வைத்தீர்களே அவர், சேர்ந்து செபிக்கிறது வேற, புதைக்கிறது வேற, சுவரை இன்னும் உயர்த்திக் கட்டணும் என்று பொரிந்தார். உங்கள் ஆட்களும் தலையை ஆட்டினார்கள். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு சபைக்கும் நல்ல ஒற்றுமை.

எனக்கு உங்கள் அம்மாவை அடக்கம் செய்த நாள் ஞாபகம் வந்தது. உங்கள் ஆராதனையில் நான் கலந்துகொள்ளக் கூடாது என்று அப்போதிருந்த ஃபாதர் சொல்லிவிட்டார். சுவருக்கு இந்தப் பக்கமே நின்றேன். நீங்கள் அழுதது கேட்டது. முகம் தெரியவில்லை.

டீயைக் கையில் வைத்துக்கொண்டே கடுகிடம் சொன்னேன்: எங்க கல்யாணத்தைப் பீடத்துக்கு முன்னால நடத்த விடாம, துணி அலமாரி இருக்கிற பக்கத்து ரூம்ல வச்சு முடிச்சீங்க, பொறுத்துக்கிட்டோம். ஞாயித்துக்கிழமை சைக்கிள் கடை முக்கு வரைக்கும் ஒண்ணா வந்து, அவர் அந்தப் பக்கம் நான் இந்தப் பக்கம்னு பிரிஞ்சு போனோம், அதுவும் சரி. செத்த பிறகும் என்னங்கன்னு கூப்பிட நான் சுவரைத் தட்டணுமா? ஏற்கெனவே அந்த மனுஷனுக்கு ஒரு காது மந்தம்.

எல்லோரும் சிரித்தார்கள். கடுகு சிரிக்கவில்லை. டீயைக் கீழே வைத்தார். அப்புறம், சுவரை இடிக்க முடியாது, ஒரு கேட் வேணும்னா வச்சுக்கலாம் என்றார். அவருடைய அக்காவும் உங்கள் ஆளைக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம்தான் படுத்திருக்கிறாள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. கேட் செய்ய நெட்டையிடம் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் தொழில் கற்றுக்கொடுத்த அதே நெட்டைதான். ஊரில் இப்போது அவனை விட்டால் வெல்டர் ஏது?

இனி உங்கள் கேள்வி. மாடி கட்டிவிடலாம் என்கிறீர்கள். மாடியில் யார் இருப்பது? நான் ஒரு ஆள் கீழேயும் மேலேயும் ஓடிக்கொண்டிருக்கவா? பூசை முடிந்ததும் இன்றைக்கும் சைக்கிள் கடை முக்கில் என் கால் தானாக நின்றுவிடுகிறது. கடைக்காரர், யாருக்கும்மா நிக்கிறீங்க என்று கேட்கிறார். வெயில் தாழட்டும் என்கிறேன். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும்.

உங்கள் விருப்பம், நான் கோபிக்க மாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. அந்தக் கேட் செத்த பிறகு உதவும். உயிரோடு இருக்கிற நாளில் நீங்கள் இவ்வளவு தூரத்தில் இருந்தால் நான் எந்தச் சுவரைத் தட்டுவேன்? கையெழுத்துப் போடாதீர்கள். வந்துவிடுங்கள்.

ஆண்டவர் உங்களைப் பத்திரமாக வீடு சேர்க்கட்டும். மிச்ச வரியை நீங்களே வந்து சொல்லுங்கள். முடிக்கிற வரைக்கும் கரண்டியைத் தொட மாட்டேன்.

இப்படிக்கு,
சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
உங்கள் வீட்டுக்காரி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒரு செய்தி. நேற்று கேட் மாட்டினார்கள். ஃபாதர் உங்கள் பக்கம் போய்ப் பார்த்தார். போதகர் எங்கள் பக்கம் வந்து பார்த்தார். நெட்டை கேட்டைச் சாத்திக் காட்டினான். நன்றாகச் சாத்தியது. திறக்கவில்லை. கடுகு தள்ளிப் பார்த்தார். மோட்டார் சைக்கிள் எங்கள் பக்கம் நின்றதால் போதகர் அதில் வீட்டுக்குப் போனார். ஃபாதர் தெருவைச் சுற்றி நடந்து வந்தார். நெட்டை கீலைக் கோணலாக வைத்து ஒட்டிவிட்டானாம். அண்ணன் வந்துதான் இதை வெட்டி எடுக்கணும் என்கிறான்.