காலி என்று எழுதிய அறை

அன்புள்ள வாலுவுக்கு அம்மா எழுதுவது. நீ நலமாக இருக்கிறாய் என்பதை ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரலே சொல்லிவிட்டது, நடுவில் வந்த மூன்று தும்மலுக்கு மட்டும் வெந்நீர் குடித்துக்கொள். இங்கே நானும் நலம்தான். அப்பா செவ்வாய்க்கிழமை லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பினார், இந்தத் தடவை சரக்கு தரை ஓடுகளாம், மெதுவாகத்தான் ஓட்ட வேண்டுமாம், திரும்பி வரப் பன்னிரண்டு நாளாகும். போகும்போது சமையலறைக் குழாயைச் சரிசெய்துவிட்டுப் போனார். நல்லதுதான், ஆனால் அந்தச் சொட்டுச் சத்தமும் நின்றுபோனதில் வீடு இன்னும் கொஞ்சம் அமைதியாகிவிட்டது. லாரி ஷெட்டில் உன் படிப்பைப் பற்றி யாராவது கேட்டால் அவர் சொல்லும் விளக்கம் வரவர நீண்டுகொண்டே போகிறது. முதலில், பள்ளிக்கூடத்தோட கடைசி ரெண்டு வருஷம்தான், ஆனா எந்த நாட்டுல உக்காந்து எழுதினாலும் ஒரே பரீட்சை, அதை வச்சு உலகத்துல எந்தக் காலேஜுலயும் கேக்கலாம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது ஆறு பாடத்தையும் விரல் விட்டு எண்ணி, நீ சொந்தமாக ஆராய்ச்சி செய்து எழுதும் நாலாயிரம் சொல் கட்டுரையைச் சொல்லி, கடைசியில் 'நமக்குத் தெரியும் என்பது நமக்கு எப்படித் தெரியும்' என்று ஒரு பாடம் இருக்கிறதே, அதற்கு வந்து நிற்கிறார். அதைக் கேட்ட மெக்கானிக், பிரேக் பிடிக்குதான்னு மிதிச்சுப் பாத்தா தெரியப்போகுது, இதுக்கு எதுக்குண்ணே ஒரு பாடம் என்றாராம். மிதிக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கத்தான்டா பாடம் என்று அப்பா பதில் சொன்னாராம். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, சரியாத்தானே சொன்னேன், சரியாத்தானே சொன்னேன் என்று என்னிடம் மூன்று தடவை கேட்டார்.

என் வேலையில் புதிதாக ஒன்றுமில்லை. கண் மருத்துவமனைப் பதிவறையில் யார் என்னிடம் வந்து பேசப்போகிறார்கள், எண் எழுதிய சீட்டு ஜன்னல் வழியாக வரும், அந்த எண்ணுள்ள கோப்பை அலமாரியிலிருந்து உருவிக் கொடுக்க வேண்டும், சாயங்காலம் திரும்பி வந்ததை அதே இடத்தில் சொருக வேண்டும். எல்லோரும் ரேடியோ என்று கூப்பிடும் பக்கத்து மேசைக்காரி மட்டும் எனக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். போன வாரம், உங்க குடும்பத்துலயே முதல் பட்டதாரி நீதானாமே, அந்தப் பட்டத்தை வாங்குறப்பவாவது வாயத் தொறந்தியாடி என்று கேட்டாள். இல்லை, தலையைத்தான் ஆட்டினேன் என்றேன், அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஆனால் வியாழக்கிழமை அவள் முகம் தொங்கிப்போய்விட்டது. ஒரு கோப்பில் தேதியைத் தப்பாக எழுதிவிட்டு, அதன் மேல் வெள்ளை மையைப் பூசிச் சரியான தேதியை எழுதியிருக்கிறாள். எங்கள் அறையில் அது கூடாது, அழிப்பானுக்குக்கூட இடமில்லை. தப்பானதன் மேல் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்துப் போட்டுத் தேதி இட வேண்டும். முதலில் எழுதியது என்ன என்று எப்போதும் படிக்கத் தெரிய வேண்டும். டாக்டர் கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார். சரியான தேதியத்தானே எழுதினேன், அதுக்குப் போயி இந்தக் கத்து கத்துறாரு என்று ரேடியோ அழுதாள். அப்போது நான் உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கடிதத்தை நான் எழுத உட்கார்ந்ததே அதனால்தான் கண்ணு. போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை முயன்றுவிட்டேன், உன் குரல் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.

விடுமுறைக்கு வந்தபோது அந்தக் கட்டுரைக்காக மாடியில் உன் அறையின் கூரைக்கு மேல் மட்டும் அப்பாவைச் சுண்ணாம்பு பூச வைத்தாய், பக்கத்துச் சாமான் அறையின் கூரையைச் சும்மா விட்டாய். என் லாரிக்குக்கூட இவ்வளவு மேக்கப் போட்டதில்லடி என்று அவர் முதுகைப் பிடித்துக்கொண்டே பூசினார். இரண்டு அறையிலும் நூலில் தெர்மாமீட்டர் தொங்கவிட்டு, காலை ஆறு மணிக்கும் சாயங்காலம் ஆறரைக்கும் அறுபது நாள் குறித்துக்கொடு என்று என்னிடம் நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனாய். ஜன்னல் மூடியிருக்க வேண்டும், காற்றாடி போடக்கூடாது, கதவைத் திறந்து ஒரு நிமிடத்துக்குள் பார்த்துவிட்டு மூட வேண்டும், கடைசிக் கட்டத்தில் 'காலி' என்று எழுத வேண்டும். கதவில் உன் கையெழுத்தில் ஒட்டியிருந்தாய், உள்ளே யாரும் இருக்கக்கூடாது, அம்மா உட்பட. அந்த 'அம்மா உட்பட'வுக்குக் கீழே இரண்டு கோடு வேறு. முதல் இருபத்திரண்டு நாளும் நீ சொன்னது சொன்னபடி செய்தேன். ஒன்று மட்டும் நீ யோசித்திருக்கமாட்டாய், நானும் யோசிக்கவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு தடவை கதவைத் திறந்து மூடும்போது உன் அறையின் வாசனை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போய்க்கொண்டிருந்தது. உன் தலை எண்ணெய், அந்த நீலப் பேனா மை, ஈரத் துண்டை நாற்காலியில் போடாதே என்று நான் எத்தனை தடவை கத்தியும் நீ போட்ட துண்டின் வாடை, எல்லாம்தான். இருபத்து மூன்றாம் நாள் சாயங்காலம் திறந்தபோது வெறும் சுண்ணாம்பு வாடை மட்டும் வந்தது. அப்பா ஊரில் இல்லை. உன் தலையணையில் மிச்சம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன், இருந்தது. அன்றைக்கு அங்கேயே உன் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டேன். மறுநாளும் அப்படித்தான். அப்புறம் கீழே இறங்கிப் போய்ப் படுக்கவே தோன்றவில்லை. உன் விதி எதையும் மீறவில்லை என்றுதான் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன், ஜன்னலைத் திறக்கவில்லை, காற்றாடி போடவில்லை, வேர்த்துக் கொட்டினாலும் அப்படியே கிடந்தேன், காலையில் எழுந்து தெர்மாமீட்டரைப் பார்த்து எண்ணைச் சரியாகத்தான் எழுதினேன். பக்கத்துக் கட்டத்தில் 'காலி' என்றும் எழுதினேன். நான் ஓரமாகச் சுருண்டு படுத்திருப்பதால் ஒரு அறைக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று நிஜமாகவே நினைத்தேன். வேலை செய்யும் இடத்திலும் சரி, நாலு பேர் கூடும் இடத்திலும் சரி, நான் இருப்பதும் இல்லாததும் யாருக்கும் தெரிந்ததில்லையே, தெர்மாமீட்டருக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று இருந்துவிட்டேன்.

தெரிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் போனில் வாசித்த எண்களை வைத்து, இருபத்து நாலாம் நாளிலிருந்து உன் அறை காலையில் ஒன்றரை டிகிரி கூடியிருப்பதை நீ கண்டுபிடித்துவிட்டாய். சுண்ணாம்பு பூசிய கூரை பகல் சூட்டைத் தடுக்கிறது, ஆனால் கொஞ்ச நாளில் ராத்திரிச் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்க ஆரம்பிக்கிறது என்று நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். நடுவில் நாற்பத்தொன்று முதல் நாற்பத்து நாலு வரை மட்டும் ஏன் பழையபடி இறங்கியது, அந்த நாலு நாளும் மழை பெஞ்சுதாம்மா என்று நீ கேட்டபோது நான், பெஞ்சிருக்கும் கண்ணு என்றேன். மழையும் இல்லை ஒன்றும் இல்லை. அந்த நாலு நாள் அப்பா வீட்டில் இருந்தார், நான் கீழே படுத்தேன். நான் வாயால் சொன்ன பொய் அந்த ஒன்றுதான், அதையும் நீ கட்டுரையில் சேர்த்துவிட்டாய். போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதை அப்படியே மனப்பாடமாகச் சொல்வேன். இங்க எல்லாரும் சட்டுன்னு கை தூக்குறாங்கம்மா, எனக்கு உன்ன மாதிரியே கை எழும்பவே எழும்பாது, முந்தாநேத்துதான் முதல் தடவையா கை தூக்கி என் கண்டுபிடிப்பச் சொன்னேன், எல்லாரும் கைதட்டினாங்க என்றாய். வழிகாட்டி ஆசிரியை, இதுதான் உன் கட்டுரையோட உயிரே என்று சொன்னதையும் சொன்னாய். பல்கலைக்கழகத்துக்கு அவர் எழுதி அனுப்பப்போகும் மதிப்பெண் இதையும் பார்த்துத்தான் என்றாய். போனை வைத்த பிறகு நோட்டை எடுத்து, நான் எழுதிய 'காலி'களை எண்ணிப் பார்த்தேன். நீ ஒரு வகுப்புக்கு முன்னால் வாயைத் திறந்ததே என் பொய்யை நம்பித்தான். பேசாமல் இருந்துவிடலாமா என்று நினைக்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். யாருக்குத் தெரியப்போகிறது. ஆனால் கட்டுரையின் கடைசியில் இதில் உள்ளது எல்லாம் உண்மை என்று நீ கையெழுத்துப் போட வேண்டும் என்றாயே, அதற்குக் கீழே உன் பெயர்தான் இருக்கும், என் பெயர் இருக்காது.

அதனால் நீ கேட்ட நோட்டை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். ஆசிரியை அசலைப் பார்க்க வேண்டும் என்றாயல்லவா, பார்க்கட்டும். எந்த எண்ணையும் நான் மாற்றவில்லை, எல்லா எண்ணும் தெர்மாமீட்டர் காட்டியதுதான். இருபத்து நாலாம் நாள் காலையிலிருந்து அறுபதாம் நாள் வரை, அப்பா இருந்த நாலு நாளை விட்டுவிட்டு, முப்பத்து மூன்று இடத்தில் 'காலி'யின் மேல் ஒற்றைக் கோடு போட்டிருக்கிறேன், ஸ்கேல் வைத்துத்தான், அடியில் இருப்பது நன்றாகப் படிக்கத் தெரியும். பக்கத்தில் 'ஒருவர்' என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டிருக்கிறேன். எங்கள் பதிவறையில் இப்படி வந்தால் ஒரு டாக்டரும் திருப்பி அனுப்பமாட்டார், உங்கள் பள்ளியில் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. திட்டினால் அம்மாதான் செய்தாள் என்று சொல், அது உண்மைதானே. கட்டுரையைக் கொடுக்க இன்னும் முப்பத்தாறு நாள் இருக்கிறது என்று சொன்னாய். கடிதம் வந்து சேர ஒன்பது நாள் ஆகும். நேற்று என் பாயையும் தலையணையையும் கீழே கொண்டுவந்துவிட்டேன், உன் தலையணை அங்கேயே இருக்கிறது, தொடவில்லை. இன்று காலையிலிருந்து புதுத் தாளில் குறிக்க ஆரம்பித்திருக்கிறேன், நீ போதும் என்று சொல்லும்வரை குறிப்பேன், ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கமாட்டேன். அதையும் போனில் வாசிக்கிறேன், சேர்த்துப் பார்த்துவிட்டு எழுது. வகுப்பில் இன்னொரு தடவை கை தூக்கி, நான் சொன்னது தப்பு, அந்த அறையில் ஆள் இருந்தது என்று சொல்ல வேண்டியிருக்கும். இந்தத் தடவை யாரும் கைதட்டமாட்டார்கள், அது எவ்வளவு கஷ்டம் என்று உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும், இருந்தாலும் சொல்லிவிடு அம்மாடி. கோபமிருந்தால் கடிதம் கிடைத்ததும் வரும் ஞாயிற்றுக்கிழமை பேச வேண்டாம், அடுத்த வாரம் பேசு. அதற்கு அடுத்த வாரம் என்று தள்ளிவிடாதே.

நீ எடுத்துக்கொண்ட படிப்பு நல்லபடியாக முடியட்டும், உன் கையும் குரலும் என்றைக்கும் உயர்ந்தே இருக்கட்டும். காலைச் சாப்பாட்டை விடாதே, தலையைத் துவட்டாமல் வகுப்புக்கு ஓடாதே. ஈரத் துண்டை நாற்காலியிலேயே போட்டுக்கொள், நான் இனி ஒன்றும் சொல்லமாட்டேன்.

இன்று காலை ஆறு மணி. சாமான் அறை இருபத்தேழு. உன் அறை இருபத்தாறரை, நேற்றைவிட ஒன்றரை டிகிரி இறங்கியிருக்கிறது. காலி.

இப்படிக்கு,
அம்மா